ஜூலியட்டின் அப்பாவை ஏன் யாரும் கேட்பதில்லை?

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ரோமியோவும் ஜூலியட்டும் செத்ததற்கு யார் காரணம் என்று கேட்டால் பாதிப் பேர் விதி என்பார்கள், மீதிப் பேர் பாதிரியார் லாரன்ஸைக் கைகாட்டுவார்கள். என் கோபம் ஜூலியட்டின் அப்பா கபுலெட் மேல்தான். பாரிஸ் என்ற பிரபு பெண் கேட்டு வந்தபோது, அவளுக்கு இன்னும் 14 வயதுகூட நிறையவில்லை, 2 வருஷம் போகட்டும், அவள் சம்மதமும் வேண்டும் என்று சொன்ன அதே மனிதர், ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட் செத்த கையோடு வியாழக்கிழமை கல்யாணம் என்று நாள் குறிக்கிறார், ரோமியோவை ஏற்கெனவே ரகசியமாகக் கட்டிக்கொண்ட அவள் மாட்டேன் என்றதும் தெருவில் பிச்சையெடுத்துச் செத்துப் போ என்கிறார், அப்புறம் அதையும் முன்னால் இழுத்துப் புதன்கிழமை ஆக்குகிறார். கொள்ளைநோய்ப் பயத்தில் ஜான் பாதிரியாரை ஒரு வீட்டிலேயே அடைத்து வைத்ததால், ஜூலியட் மருந்து குடித்துச் செத்ததுபோல்தான் கிடப்பாள் என்று லாரன்ஸ் எழுதிய கடிதம் ரோமியோ இருந்த மான்டுவாவுக்குப் போகவில்லை, சரி, அது யார் கையிலும் இல்லை. ஆனால் இருந்த கொஞ்ச அவகாசத்திலும் ஒரு நாளைப் பிடுங்கியது இவர்.

ரோமியோவிடம் தூது போன செவிலியே பாரிஸைக் கட்டிக்கொள் என்கிறாள். அந்த இடத்தில்தான் அந்தப் பிள்ளை முழுசாகத் தனியாகிறாள்.

லாரன்ஸ், இரண்டு குடும்பத்துப் பகையும் தீரும் என்று நம்பித்தான் ரகசியமாகக் கல்யாணம் செய்து வைத்தார், அதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கல்லறையில், புருஷன் பக்கத்தில் செத்துக் கிடக்க அப்போதுதான் கண்விழித்த பெண்ணை விட்டுவிட்டு, காவலர் வரும் சத்தத்துக்குப் பயந்து ஓடினாரே, அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

நகரை ஆளும் இளவரசர் எஸ்காலஸ்கூட, உங்கள் சண்டையைக் கண்டும் காணாமல் விட்டதால் என் உறவினர் இருவரை இழந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். கபுலெட் நம் பகைக்குப் பலி என்று பொதுவாகச் சொல்லி ரோமியோவின் அப்பா மாண்டேகுவிடம் கை நீட்டுகிறாரே தவிர, அந்தக் கல்யாணத்தை அவள் தலையில் கட்டப் பார்த்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.