கோதாவரிக்கு ஒரு ஓ-ரிங்

மதுரைப் பக்கம் கப்பலூரில் ரப்பர் பட்டறை என்று சொன்னாலே, "ஊர்ப் பேரில்தான் கப்பலா?" என்று கிண்டல் செய்வார்கள். 2012-ல் நிஜமாகவே கப்பல் ஆர்டர் வந்தது. கோதாவரி வகைப் போர்க்கப்பலின் எண்ணெய்ப் பம்புக்கு, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் 40 வேண்டும் என்றார் மும்பை ஏஜெண்ட் ஒருவர். ட்ராயிங் கிடையாது. கழற்றிப்போட்ட பழைய ரிங் ஒன்று கூரியரில் வந்தது.

தடிமனை அளக்க வெர்னியர் அளவுகோலில் வைத்தால் ஒரு பக்கம் 6.3 மில்லி, திருப்பி வைத்தால் 7.4. நசுங்கிப் போயிருந்தது. பிரிட்டிஷ் டிசைனாச்சே, கால் இஞ்சாகத்தான் இருக்கும் என்று 6.35 மில்லிக்கு டை, அதாவது ரப்பரை வார்க்கும் அச்சு, வெட்டினேன். எண்ணெய்க்குத் தாங்க நைட்ரைல் ரப்பர், ஷோர் அளவில் 70 கடினம். பிசிர் தட்டி, பளபளவென்று அனுப்பினேன். ஒன்று விடாமல் திரும்பி வந்தது. பிரஷர் டெஸ்டில் கசிகிறதாம்.

திருநகரில், கடற்படை இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ரிங்கை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கால் இஞ்ச்னு பேருதான் தம்பி. ஓ-ரிங் டேபிள்ல அதுக்கு நிஜ அளவு 0.275 இஞ்ச். 6.99 மில்லி."

அப்புறம் டீ வந்தது, கதையும் வந்தது. பிரிட்டனின் லியாண்டர் டிசைனை வைத்து மும்பை மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் 1972-ல் நீலகிரி தொடங்கி 1981-ல் விந்தியகிரி வரை ஆறு கப்பல் கட்டினார்கள். அதையே பெரிதாக்கியதுதான் 1983-ல் வந்த கோதாவரி. பின்னாலேயே கங்கா, கோமதி. நீராவி டர்பைன் பிரிட்டிஷ் வழி, ஏவுகணைகள் ரஷ்யா. "கீழே இஞ்ச், மேலே மில்லி. ஸ்டோர்காரன் பாடு திண்டாட்டம்" என்றார்.

அவர் சொன்னபடி ஏஜெண்டிடம் ரிங் உட்காரும் பள்ளத்தின் அளவைக் கேட்டேன். ஆழம் 5.8 மில்லி. என் ரிங் அரை மில்லிதான் நசுங்கியிருக்கிறது, 6.99 என்றால் 1.2 மில்லி நசுங்கும். என் ரிங் கசியாமல் என்ன செய்யும்! நல்லவேளை, டையில் பள்ளத்தைப் பெரிதாக்க லேத்தில் கொஞ்சம் கடைந்தால் போதும். பெரிதாக வெட்டியிருந்தால் டையே போச்சு. வெந்த ரப்பர் ஆறும்போது சுருங்கும் என்பதால் இரண்டு சதவீதம் கூட்டிக் கடைந்தோம்.

இரண்டாவது லாட் பாஸ். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. ரப்பர் அலமாரியில் கிடந்தாலும் வயசாகும் சரக்கு. ஒவ்வொன்றையும் வெளிச்சம் படாத கறுப்புக் கவரில் போட்டு, லாட் எண்ணும், ரப்பரை அச்சில் வேகவைத்த காலாண்டும் எழுதி ஒட்டச் சொன்னார்கள். 40 ரிங்குக்கு ஒரு முழுநாள் ஒட்டினோம். பணம் வர நான்கு மாதம்.

கோமதியும் 2022-ல் ஓய்வுபெற்றுவிட்டது. டை இன்னும் ரேக்கில்தான் இருக்கிறது. போன மாதம் அதே ஏஜெண்ட் அழைத்தார். கோதாவரிக்கு அடுத்து வந்த பிரம்மபுத்திரா வகைக்கு ஏதோ சீல் வேண்டுமாம், பழைய சாம்பிளைக் கூரியரில் போடட்டுமா என்றார்.

"சாம்பிள் இருக்கட்டும் சார், பள்ளத்தோட அளவை முதல்ல வாட்ஸ்அப்ல போடுங்க" என்றேன்.