சேனையாக வைத்த சீம்பால்

என் தங்கைக்கு இது எட்டாம் மாதம். பிரசவத்துக்கு எந்த மருத்துவமனை என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அவளிடம் நான் சொன்ன ஒன்றே ஒன்று: "பிறந்த அன்றைக்கு ராத்திரி குழந்தை யார் பக்கத்தில் இருக்கும்னு கேளு."

மூத்தவள் பிறந்தபோது நான் அதைக் கேட்கவில்லை. தனியார் மருத்துவமனை, சிசேரியன். முகத்தை ஒரு நொடி காட்டிவிட்டுக் குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில்தான் என் கைக்கு வந்தாள். அதற்குள் பாட்டிலில் பவுடர் பால் கொடுத்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அவள் மார்பில் வாய் வைக்கவே மறுத்து அழுதாள். எனக்குப் பால் இல்லை என்றார்கள், நானும் நம்பினேன்.

இளையவன் பிறந்தது அரசு மருத்துவமனையில். இதுவும் சிசேரியன்தான். முதுகில் ஊசி போட்டிருந்ததால் நினைவு நன்றாக இருந்தது. ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்ததும் அவனை வெற்றுடம்போடு என் நெஞ்சில் குப்புறப் போட்டு, மேலே துணியைப் போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே தலையை அசைத்து வாயால் துழாவினான். ஒரு மணி நேரத்துக்குள் சப்பிவிட்டான்.

வார்டுக்கு வந்ததும் பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பு தொட்டு வைக்கும் சேனைக்காக, அத்தை சர்க்கரைத் தண்ணீரும் சங்குமாக நின்றார். சிஸ்டர் சத்தம் போடவில்லை. என் மார்பை மெல்ல அழுத்தி, மஞ்சளாகக் கெட்டியாக வந்த சீம்பாலில் நாலு சொட்டைச் சுத்தமான கரண்டியில் பிடித்து அத்தையிடம் நீட்டினார். "இதாம்மா சேனை. உங்க கையாலேயே வைங்க." அத்தை வைத்தார். அதன்பிறகு சர்க்கரைத் தண்ணீர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரிதான் பெரும்பாடு. மணிக்கொரு தரம் அழுகை, காம்பில் வெடிப்பு. பால் பத்தவில்லை என்று நானே பவுடர் கேட்டேன். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தையலில் படாமல் குழந்தையை என் அக்குளுக்குக் கீழே தலையணையில் படுக்க வைத்தார். காம்பால் மேலுதட்டைத் தொட்டு, அவன் வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று அணைத்துச் சேர்த்தார். காம்பு மட்டுமல்ல, சுற்றியிருக்கும் கறுப்பு வட்டமும் பெரும்பாலும் வாய்க்குள் போனது. வலி நின்றது. 'க்ளக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. நான் அழுதுவிட்டேன்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும், முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, சிசேரியன் என்றால் பால் ஊறச் சற்றுத் தாமதமாகலாம் என்றெல்லாம் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வார்டுச் சுவரில் தாய்ப்பாலுக்கான பத்துப் படிகள் ஒட்டியிருந்தன. 1991-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தொடங்கிய திட்டத்துக்கு அடிப்படை அந்தப் படிகள்தான். தாயையும் சேயையும் இரவும் பகலும் பிரிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. மூத்தவளுக்கு அது கிடைக்கவில்லையே என்று இன்றும் மனது ஆறவில்லை.

இளையவன் பிறந்தபோது 2.8 கிலோ. வீட்டுக்கு வரும்போது 2.6. பதினாலாம் நாள் தராசில் 2.9 காட்டியதும், அத்தைதான் முதலில் சத்தமாகப் படித்தார்.