மீன் வாங்க வருகிறவரிடம் தண்ணீர் கேட்பேன்

"வீட்டுத் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறீர்களா?" கடைக்குள் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். மீன் வாங்க வந்தவரிடம் தண்ணீர் கேட்டால் சிலருக்கு எரிச்சல் வரும். பரவாயில்லை. வண்ண மீன் கடையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்க நான் கற்றுக்கொள்வதற்குள் நிறைய மீன்கள் செத்துவிட்டன.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒருநாள் இரவு தெர்மாகோல் பெட்டிகள் வந்து இறங்கின. மீன்கள் பையில் அடைபட்டு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தூரம் வந்த மீனை மெதுவாகத்தான் பழக்க வேண்டும் என்று நினைத்து, எல்லாப் பைகளையும் அவிழ்த்து மீன்களை அந்தத் தண்ணீரோடு வாளிகளில் ஊற்றினேன். ஏர் ட்யூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி வைத்தேன். அரை மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தன. விடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. அவ்வளவு பொறுமையாகச் செய்தேன். அந்தப் பொறுமைதான் அவற்றைக் கொன்றது என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

கடையின் மூத்த அண்ணன் திட்டவில்லை. காலியான ஒரு பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். கட்டிய பைக்குள் மீன் இரண்டை விடுகிறது: மூச்சில் கரியமில வாயு, செவுள் வழியாக அம்மோனியா. வாயு தண்ணீரில் கரைந்து பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, இறக்குகிறது. பிஎச் இறங்கிய தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும், அது மீனை அவ்வளவாகப் பாதிக்காது. பையை அவிழ்த்ததும் வாயு பறக்கிறது, பிஎச் ஏறுகிறது, அம்மோனியம் மறுபடி நஞ்சான அம்மோனியாவாகிறது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள தண்ணீரில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பிஎச் 8 ஆனால் 5 பங்கைத் தாண்டிவிடும். நான் சொட்டவிட்டது பிஎச் 8 தண்ணீர். செவுளைச் சுடும் நீரிலேயே மீன்களை வைத்துக்கொண்டு சொட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் முறையை மாற்றிக்கொண்டோம். தூரத்திலிருந்து வரும் மீன் என்றால் கட்டிய பையை அப்படியே மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமமாக்குவோம். இறக்கப்போகும் தொட்டியின் டிடிஎஸ்ஸையும் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பிஎச்சையும், மீன் கிளம்பி வந்த இடத்துத் தண்ணீருக்கு நெருக்கமாக முன்னாலேயே தயார் செய்துவிடுவோம். அவிழ்த்ததும் மீனை வலையில் எடுத்து நேராகத் தொட்டிக்குள் விடுவோம். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவே போகாது. விளக்கு அன்று முழுக்க எரியாது. விற்பனைக்கு வைக்குமுன் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டி. வெள்ளைப்புள்ளி நோய் வருவதாக இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிற மீனுக்கு இந்த அவசரம் கிடையாது. 20 நிமிடம் பையை மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை கப் தொட்டித் தண்ணீர் சேர்த்தால் போதும். கடல் தொட்டி என்றால் நட்சத்திர மீனுக்குத் தனி நிதானம் தேவை. அது தன் உடம்பின் உப்பளவை வெளியே இருக்கும் நீரோடு ஒத்துத்தான் வைத்திருக்கும். உப்பு சட்டென்று மாறினால் தாங்காது.

இத்தனை செய்தும் மீன் செத்தது என்று வந்து நிற்பார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் எந்த மீனும் புதுத் தண்ணீருக்குப் பழகிவிடாது. நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, வெளியே இருக்கும் நீரில் உள்ளதைவிட அதிகம். அதனால் செவுள் வழியே தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியே தள்ளும். கூடவே கழியும் உப்பைச் செவுள் திரும்பப் பிடிக்கும். டிடிஎஸ் 700 உள்ள தண்ணீரில் வளர்ந்த மீனை 80க்கு மாற்றினால் இந்த வேலை முழுவதும் புதுக் கணக்கில் நடக்க வேண்டும். அதற்கு உடம்பு நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சொட்டு முறை முதல் அதிர்ச்சியைக் குறைக்கும், அவ்வளவுதான். மீனும் தண்ணீரும் பொருந்துமா என்பதை வலையைக் கையில் எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

சோப்பு நுரைக்காத, குழாயில் வெள்ளையாகப் படியும் தண்ணீரா? மோலி, கப்பி, பிளாட்டி எல்லாம் அதில் சந்தோஷமாக இருக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்கும் அதுதான் வேண்டும். அந்த ஏரியின் பிஎச்சே 7.8 முதல் 8.6 வரை. அதே மோலியைக் கனிமமே இல்லாத ஆர்ஓ தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: துடுப்பை மடக்கிக்கொண்டு, இடத்தை விட்டு நகராமல் உடம்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோவின் கறுப்பு நீரில் பிடித்த கார்டினல் டெட்ராவுக்கு, மோலிக்கு நேர்மாறாக, கனிமம் குறைந்த தண்ணீர் வேண்டும். பிஎச்சை இறக்கும் திரவத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கேஎச், நிறைய இருந்தால் இறக்கிய பிஎச் மறுபடி ஏறும், மறுபடி ஊற்றுவார்கள். ஏறி இறங்கும் பிஎச்சைவிட, கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் அசையாமல் நிற்கும் பிஎச் நல்லது.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நான்காவது முறையாக டெட்ரா செத்துவிட்டது என்று வந்தார். "ரெண்டு மணி நேரம் சொட்டுவிட்டுத்தான் தம்பி விடுகிறேன். பழைய மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க கடை மீன்லதான் ஏதோ இருக்கு" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. தொட்டித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். கேஎச் 0. பிஎச் 6க்கும் கீழே. கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டைச் சோதிக்கும் குழாயில் கருஞ்சிவப்பு, அதாவது மிக அதிகம். ஐந்து வருடமாகத் தண்ணீர் மாற்றாமல், வற்றியதை மட்டும் ஊற்றிவந்திருக்கிறார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். அதனால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போயிருந்தது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா கேஎச்சைத் தின்று தீர்த்திருந்தது, அதனால் பிஎச்சும் சரிந்திருந்தது. பழைய மீன்கள் அந்தச் சரிவோடு நாளுக்கு நாள் கூடவே இறங்கி வந்தவை. புதியவை இரண்டு மணி நேரத்தில் அந்த ஐந்து வருடத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

"அப்ப இன்னைக்கே மொத்தத் தண்ணியையும் மாத்திடறேன்" என்று எழுந்தார். உட்கார வைத்தேன். பிஎச் அவ்வளவு இறங்கினால் பாக்டீரியாவின் வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும், அம்மோனியம் சேர்ந்துகொண்டே போகும். அதில் பிஎச் 8 தண்ணீரை மொத்தமாக ஊற்றினால், அன்று நான் அவிழ்த்த பைகளில் நடந்ததுதான் அந்தப் பழைய மீன்களுக்கும் நடக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மட்டும், குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள் என்றேன்.

வாரம் ஒரு பாட்டில் கொண்டுவருவார். பாட்டிலில் தேதியைப் பேனாவால் எழுதியிருப்பார். இரண்டு மாதம் கழித்து வந்த பாட்டிலில் கேஎச் 5, பிஎச் 7.4. டிடிஎஸ் எங்கள் தொட்டி அளவுக்கு வந்துவிட்டது. எட்டு டெட்ராக்களைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தேன்.

"ரெண்டு மணி நேரம் சொட்டு விடட்டுமா தம்பி?"

"வேண்டாம் ஐயா. இப்போ உங்க தண்ணியும் எங்க தண்ணியும் ஒண்ணுதான். இருபது நிமிஷம் மிதக்க விடுங்க, போதும்."

பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, எட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு அதைத் துணிப்பைக்குள் இருட்டாக வைத்துக்கொண்டு கிளம்பினார்.