நாலு கொப்பியும் சிங்களத்தில் வந்த ஒரு பதிலும்

திருகோணமலையில் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூன்று ஊர்களில் வீடு வீடாகப் போய், கிளினிக்குக்குப் போய்வரும் சிரமத்தைக் கேட்டு எழுதினோம். நடை எவ்வளவு, ஆட்டோக் காசு எவ்வளவு, கையில் தந்த துண்டு விளங்கியதா என்று நாலு கொப்பி நிரம்பியது. சனம் தேத்தண்ணி தந்து சொன்னார்கள். அதுவரை சுகம்.

ஏன் எழுதினோம் என்றால், சுகாதார அலுவலகத்தில் எப்போது கேட்டாலும் "உங்கட பிரிவின் கணக்கு நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டையும் மீள்குடியேறிய காட்டோர ஊரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நல்லாத்தான் இருக்கும். நாங்கள் போன மூன்றில் ஒன்று கரையோர வேடர் என்ற ஆதிக்குடிகளின் ஊர். தமிழ் பேசுவதால் பதிவில் தமிழர் என்றே விழுகிறார்கள். அவர்களின் குறையைத் தனியே காட்ட எந்தப் பத்தியும் இல்லை.

முதல் பிழை எங்களுடையது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதியிருந்தோம். ஒரு அம்மா மெல்லக் கேட்டார்: "தம்பி, இது ஆமிக்கும் போகுமோ?" பட்டியலில் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்று கண்ட சனம். அன்றிரவே அந்தத் தாள்களை எரித்துவிட்டு வெறும் வீட்டிலக்கம் போட்டோம். அடுத்தது, நாங்கள் ஊர்ப்பெயரில் எழுத, அலுவலகக் கணக்கு கிராம உத்தியோகத்தர் பிரிவில் (அரசின் ஆகச் சிறிய நிர்வாகப் பிரிவு) இருந்தது. ஒரு ஊர் இரண்டு பிரிவில் கிடக்கிறது! திரும்பவும் வீடு வீடாக நடை.

அந்த அலுவலகத்தின் கணக்கை எடுக்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். "இது எதுக்கு உங்களுக்கு?" என்றார் முன்மேசைக்காரர். காரணம் சொல்லவே தேவையில்லை. தெரியாமல் அரைமணி நேரம் விளக்கினேன். பெற்றதற்குத் துண்டும் வாங்கவில்லை. மூன்று கிழமை கழித்துப் போனால், அப்படியொன்று வரவே இல்லையாம். கிண்ணியாவைச் சுற்றி பஸ்ஸில் போன ஒரு நாள் வீண். மறுமுறை இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை குத்தி வாங்கினேன். அதை மட்டும் மறக்காதீர்கள்: அவர்கள் முடிவு சொல்ல வேண்டிய 14 வேலை நாள் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். யாரும் இனம் சொல்லி ஏசவில்லை. "டைப்பிங் அப்படித்தான் வரும்" என்றார்கள், அவ்வளவுதான். வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பைக் காட்டித் திருப்பி எழுதினோம். இரண்டாம் கடிதம் தமிழில் வந்தது.

அதில் கிளினிக் நேரம் காலை 8 மணி. எங்கள் கொப்பியில் முதல் பஸ் வருவதே 9 மணிக்குப் பிறகு. பிந்தி வந்த தாய்மாரை அக்கறையில்லாதவர்கள் என்று இத்தனை காலமும் திட்டியிருக்கிறார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது கிளினிக் 10 மணிக்கு. குடும்ப நல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) வெற்றிடம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

வெருகல் பக்கம் யாராவது செய்வதென்றால் எங்கள் படிவத்தைத் தருகிறேன். அதில் பெயருக்குக் கட்டம் இல்லை.