கப்டன் இருக்கைக்கு ஒரு வரிசை

கெட்டிக்கார விமானி சீக்கிரம் கப்டன் ஆகிவிடுவான் என்பது கொக்குவிலில் இருக்கும் என் மாமாவின் கணக்கு. எங்கள் நிறுவனத்தின் கணக்கு வேறு. சேர்ந்த திகதிப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். மேலே உள்ளவர் விலகினால்தான் கீழே உள்ளவர் ஏறலாம். எந்த விமானம், எந்தத் தளம், எந்த மாதம் லீவு, எல்லாம் அந்த இலக்கத்தின் தயவு.

அதனால் மூத்த கப்டன்களின் பிறந்த ஆண்டுகள் எனக்கு மனப்பாடம். இரண்டு விமானிகள் ஓட்டும் பயணிகள் விமானத்தில் 65 வயதுக்கு மேல் பறக்க சர்வதேச விதி இடம் தராது. முன்பு 60ஆக இருந்த எல்லை 2006 நவம்பரில் உயர்ந்தது. அப்போது துணை விமானிகளாக இருந்தவர்கள் அதை இன்றும் கசப்போடுதான் சொல்வார்கள். 2025இல் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா (IATA) 67 கேட்டபோது எங்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது, நல்லவேளை, நிறைவேறவில்லை. மூத்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். வரிசையில் நிற்பவனிடம் அதைக் கேட்காதீர்கள்.

கொரோனா வந்ததும் பட்டியல் அசையவே இல்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வந்த சென்னை விமானம் 2020இல் நின்று 2022 டிசெம்பரில்தான் திரும்பியது. எங்கள் பதவியுயர்வுகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

என் முறை வந்தபோது பெரிய விமானத்தில் துணை விமானியின் வலப்பக்க இருக்கையிலேயே மூத்தவனாக இருந்திருக்கலாம். கேட்ட நாளில் லீவு கிடைத்திருக்கும். சிறிய விமானத்தின் இடப்பக்கம் போனால் கப்டன்தான், ஆனால் கப்டன்களில் கடைக்குட்டி. இடப்பக்கமே போனேன்.

பிறகுதான் சிமுலேட்டர், விமானி அறையைப் போலவே செய்த பயிற்சிக் கருவி. ஓடுபாதையை விட்டு எழும் நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றுவிடும். அதைச் சமாளிக்கக் கைகள் பழகியிருந்தன. எங்கே இறங்குவது, பயணிகளுக்கு என்ன சொல்வது என்பதில்தான் வியர்த்தது. பின்னால் பரிசோதகர் பேனாவோடு வாயே திறக்காமல் இருந்தார். கப்டனைப் பார்க்கப் பழகிய கழுத்து, தன்னாலே இடப்பக்கம் திரும்பியது. அங்கே ஜன்னல் கண்ணாடிதான் இருந்தது.

தேறிவிட்டேன். தோளில் நான்காவது பட்டை ஏறியது, லீவு வரிசையில் அடிமட்டத்துக்குப் போனேன். இந்த முறை நல்லூர்த் தேரன்று எனக்கு ஸ்டாண்ட்பை, கூப்பிட்டால் பறக்கத் தயாராகக் காத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அதில் பெரிய மனத்தாங்கல். அடுத்த ஆவணிக்கு லீவு கேட்டுப் பார்க்கலாம். எனக்கு மேலே இருக்கும் இருவருக்கு அதற்குள் 65 ஆகிவிடுகிறது.