ஒரு மாவில் காணாமல் போகும் முக்கால் சென்ட்

மன்னார்குடிப் பக்கம் ஒரு உழவர் குழுவின் உறுப்பினர் பதிவேட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெயர், ஊர், புல எண், பரப்பு, வங்கிக் கணக்கு, குறுவையா சம்பாவா தாளடியா என்பது வரை எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பட்டியல் கேட்பார்கள். அதிலுள்ள டேபிள்களை எக்ஸ்போர்ட் செய்யும், அதாவது வேறு ஃபைலாக வெளியே எடுக்கும் வேலை அப்போதுதான் மொத்தமாக வந்து சேரும். இதே வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

திரையில் பெட்டி போட்டு நிற்கிற எரர்களுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். எழுத முடியவில்லை என்று சொன்னால், அதே எக்சல் ஃபைல் பின்னால் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரிகள் அதிகம் என்று சொன்னால், 'ஃபார்மேட்டிங் அண்ட் லேஅவுட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் சுமார் 65,000 வரிக்கு மேல் போகாது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவமும் 65,536 வரியோடு நின்றுவிடும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 10,48,576 வரி தாங்கும்.

காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைலான சிஎஸ்வியில் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வந்தால், எழுத்துகளை எண்களாக எழுதும் அட்டவணையான கோட் பேஜைப் பாருங்கள். விண்டோஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பழைய கோட் பேஜில் தமிழுக்கு இடம் கிடையாது. எக்ஸ்போர்ட் விசார்டில் 'அட்வான்ஸ்டு' போய் யூனிகோட் யூடிஎஃப்-8, அதாவது 65001, தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

எனக்குக் கவலையெல்லாம், 'வெற்றிகரமாக முடிந்தது' என்று சொல்லிவிட்டுத் தப்பாக வருகிற ஃபைல்களைப் பற்றித்தான்.

ஒரு நாள் திண்ணையில் பட்டியலைப் பரப்பிவைத்து ஆளாளுக்குச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் தன் வரியில் விரலை வைத்தபடியே பட்டாவை என் பக்கம் தள்ளினார். "தம்பி, எங்கப்பா பங்கு ஒரு மா முழுசா இருக்கு. இதுல கொறையுதே?" பட்டாவில் 0-13.35, அதாவது 0 ஹெக்டேர் 13.35 ஏர். டேபிளிலும் 0.1335 ஹெக்டேர்தான். சிஎஸ்வியில் மட்டும் 0.13.

தசமத்தோடு வரும் டபுள் வகை எண்ணை டெக்ஸ்ட் ஃபைலாக எழுதும்போது, விண்டோஸ் ரீஜன் செட்டிங்கில் எத்தனை தசமம் என்று இருக்கிறதோ அத்தோடு ஆக்சஸ் நிறுத்திவிடும். வழக்கமாக அது இரண்டு. நம் பக்கத்துக் கணக்கில் ஒரு மா என்பது 33 சென்ட். அதில் முக்கால் சென்டுக்கு மேல் போய்விடுகிறது. இப்படி நூறு துண்டு சேர்ந்தால் இரண்டரை மா! அண்ணன் தம்பி பாகத்தில் வந்த ஒரு சென்ட் துண்டு, 0.0040, வெறும் 0.00 ஆகிவிடும். ஆகவே டேபிளை நேரடியாக எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். டேபிளிலிருந்து வேண்டியதை எடுத்துத் தரும் ஒரு க்வெரி எழுதி, பரப்புக்கு ஃபார்மேட் ஃபங்ஷனில் "0.0000" கொடுத்து, அந்த க்வெரியை வெளியே எடுங்கள். ரீஜன் செட்டிங்கை மாற்றினாலும் நடக்கும். ஆனால் அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் திரும்பப் பழைய கதைதான்.

அடுத்தது புல எண். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து எக்சலில் திறந்தால் 12/3 என்பது மார்ச் 12 ஆகிவிடும். 112/3 தப்பித்துக்கொள்ளும், 12/3ஏ-வும் தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது. வங்கிக் கணக்கின் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். அப்படியே சேவ் செய்துவிட்டால் ஃபைலிலிருந்து பழைய எண்ணை மீட்கவே முடியாது. காசு வந்து சேர வேண்டிய கணக்கு எண் அது!

எக்சலில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் போங்கள். ஃபைல் ஒரிஜின் 65001, டேட்டா டைப் கண்டுபிடிக்க வேண்டாம் என்று இரண்டையும் கொடுத்துவிட்டு லோட் செய்யுங்கள். கேட்பவர்கள் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வாங்கிக்கொள்வார்கள் என்றால் அதிலேயே கொடுத்துவிடுங்கள். ஆக்சஸில் டெக்ஸ்டாக இருப்பது அங்கேயும் டெக்ஸ்டாகவே போகும், தசமமும் குறையாது.

அனுப்புவதற்கு முன் ஆக்சஸில் ஊர்வாரியாகப் பரப்பைக் கூட்டும் ஒரு க்வெரி போடுங்கள். வெளியே எடுத்த ஃபைலிலும் அதே கூட்டலைப் போட்டு, நான்காவது தசமம் வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எந்த ஊரில் இடிக்கிறதோ அந்த ஊர் வரிகளைப் பட்டாவோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை பட்டியலைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.