நைனாவுக்கு வாசித்துக் காட்டிய பாலாறு

இரண்டு மாதமாக யாருடைய செய்திக்கும் ஒழுங்காகப் பதில் போடவில்லை. "வேலூர்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று ஒரே வரியை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. என்ன நடந்தது, என்ன படித்தேன், என்ன பார்த்தேன், எங்கே போய் வந்தேன் என்று இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

நைனாவுக்குக் கண்புரை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், வட ஆற்காட்டில் நிறைய வீடுகளில் அப்படித்தான். தெருமுனையில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகை தெரியவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் பவரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்களே தவிர, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் வீணாகப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் கார்த்திகையில் வலது கண், மார்கழி தொடக்கத்தில் இடது கண் என்று நாள் குறித்தார்கள். அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு சென்னையில் ரயிலேறினேன். அரக்கோணம் தாண்டி, வாலாஜா ரோடு தாண்டி, காட்பாடியில் இறங்கினால் இரண்டு மணி நேரப் பயணம்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் வருடத்தில் மூன்று முறைதான் வந்திருக்கிறேன் என்பதை அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்.

அறுவை சிகிச்சை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வேலையே. மணிக்கணக்குப் பார்த்துச் சொட்டு மருந்து. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடி எழுதிக் கொடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை சின்ன எழுத்து எதுவும் படிக்க வராது. தினத்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற மனிதருக்கு இது பெரிய தண்டனை. மூன்றாம் நாள் காலை பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் படிக்கறேன் நைனா" என்றேன்.

பேப்பரில் ஆரம்பித்தது புத்தகத்துக்குப் போனது. பீரோவில் மு.வ.வின் அகல் விளக்கு இருந்தது, முதுகு பிய்ந்து, கோந்து ஒட்டி. மு.வ. நம்ம ஊர்க்காரர். 1912-இல் பிறந்தவர், ராணிப்பேட்டைப் பக்கம் வேலம் என்கிற கிராமத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர். இந்த நாவலுக்குத்தான் 1961-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கல்லூரியில் பாதி படித்து, ஒரே அறிவுரையாக இருக்கிறதே என்று மூடி வைத்தவள் நான். சத்தமாகப் படிக்கும்போது அது வேறு புத்தகமாக இருந்தது. அந்த நீளமான வாக்கியங்கள் வாயில் வைத்துச் சொல்லத்தான் எழுதப்பட்டவை போல. அழகும் அறிவும் இருந்தும் சறுக்கிக்கொண்டே போகிற சந்திரன், பக்கத்தில் அடக்கமாக நிற்கிற வேலய்யன். சந்திரன் கெட்டுப்போகிற இடங்கள் வந்தால் நைனா "போதும், நாளைக்குப் படி" என்பார். அவருக்கு அப்படி ஒரு நண்பர் இருந்திருக்கிறார். யார், என்ன ஆனார் என்று நானும் கேட்கவில்லை.

கதையில் பாலாறு வந்துகொண்டே இருக்கும். வாலாஜாப்பேட்டை, ஆற்று மணல், மாலை நேரத்தில் பையன்கள் அங்கே போய் உட்காருவது. அந்தப் பக்கங்களை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். "கண்ணு தெளிஞ்சதும் அங்க ஒரு தபா போலாம்மா" என்றார்.

நடுவில் சாயங்காலங்களை ஆட்டத்தில் கழித்தோம். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து எனக்குச் சதுரங்கப் பைத்தியம். கைப்பேசியில் இரவு ஒரு மணிவரை ஆடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தை, எதிரே ஆடிய டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்த அந்த ஒரு நகர்வை, நைனாவுக்கு விளக்கிச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஆடு புலி ஆடலாம் வா" என்றார்.

தரையில் குனியக் கூடாதே, அதனால் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். ஒரு முக்கோணம், அதன் குறுக்கே ஒரு பெட்டி, மொத்தம் 23 சந்தி. மூன்று புலிக்கு மூன்று கூழாங்கல், பதினைந்து ஆட்டுக்கு அம்மா அஞ்சறைப்பெட்டியைப் போல் பத்திரமாக வைத்திருக்கும் டப்பாவிலிருந்து புளியங்கொட்டை. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது. புலி ஆட்டைத் தாண்ட வேண்டுமானால் அதற்கு அடுத்த சந்தி காலியாக இருக்க வேண்டும். நான் ஆடு வைத்தால் ஐந்தாறு நகர்விலேயே இரண்டு மூன்றைப் பறிகொடுத்துவிடுவேன். நைனா ஆடு வைத்தால் கதையே வேறு. பார்வை மங்கலாக இருந்ததால் விரலால் ஒவ்வொரு சந்தியையும் தொட்டுப் பார்த்து, ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் கொட்டையை வைப்பார். வழவழவென்ற அந்தப் புளியங்கொட்டையை வைத்ததும் ஆள்காட்டி விரலால் மெல்ல ஒரு அழுத்து அழுத்துவார், நடவு நடுகிற மாதிரி. கடைசியில் என் மூன்று புலியும் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மாதத்தில் புலியாக நான் ஜெயித்தது ஆறே முறை. கைப்பேசிச் சதுரங்கத்தை அழித்துவிட்டேன்.

படம் என்று பார்த்தால் நிறைய இல்லை. தொலைக்காட்சி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மெய்யழகன் போட்டோம். சொத்துத் தகராறில் தஞ்சாவூரை விட்டுப்போனவர், பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார், தன்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிற சொந்தக்காரரின் பெயர்கூட நினைவில்லை. வெளியான சில நாளிலேயே நீளம் என்று 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் நீளம் தெரியவில்லை. அந்தப் பழைய சைக்கிள் வரும் இடத்தில் அம்மா முந்தானையை எடுத்தாள். நைனா கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன செய்தார் என்று தெரியாது.

காலையில் கோட்டைக்குள் நடை. அகழித் தண்ணீரை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று, பிறகு ஜலகண்டேசுவரர் கோயில். 1806 ஜூலை 10 இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்ததெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். நைனா சொன்னது வேறு. நானூறு வருடம் மூலவர் இல்லாமல் வெறிச்சென்று கிடந்த கோயிலுக்கு, 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தபோது அவருக்கு வயது 25. கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாராம். கல்யாண மண்டபத்துத் தூண்களில் குதிரைமேல் இருக்கிற வீரர்களை, வலது கண்ணால் ஒருமுறை, இடது கண்ணால் ஒருமுறை என்று மூடி மூடிப் பார்த்தார். "நகம் தெரியுதும்மா" என்றார்.

தை பிறந்து, பொங்கல் முடிந்த வாரம், சொன்னபடி பாலாற்றுக்குக் கிளம்பினோம். அம்மா முள் கத்தரிக்காய்க் காரக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு கட்டிக் கொடுத்தாள். இலவம்பாடிக் கத்தரிக்காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது, காம்பில் முள் குத்தினால்தான் அசல் என்பாள். பேருந்தில் ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு. பாலத்தில் ஏறியதும் நைனா ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்தார். வாலாஜாவில் இறங்கி ஆட்டோ பிடித்து அணைக்கட்டுக்குப் போனோம். காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் பிரிகிறது இங்கேதான்.

நாவலின் ஆறு அங்கே இல்லை. இக்கரைக்கும் அக்கரைக்கும் அவ்வளவு அகலம், நடுவில் ஒரு ஓரமாகத் தண்ணீர், மற்றதெல்லாம் புல்லும் முள்செடியும். மணல் போன இடங்களில் களிமண் தெரிகிறது. நைனா சின்ன வயதில் கையால் இரண்டடி தோண்டினால் ஊற்று வரும் என்பார். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்த ஆற்றங்கரைக் கிணறுகள் கெட்டு, 1996-இல் உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போய்த் தீர்ப்பு வந்த ஆறு இது. ஆனாலும் 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதை நானே காட்பாடிப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இது செத்த ஆறு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு வேப்பமர நிழலில் சோறு சாப்பிட்டோம். அப்புறம் புத்தகத்தை எடுத்து, ஆறு வருகிற அந்தப் பக்கங்களை இன்னொரு முறை படித்தேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டார். முடித்ததும், "இன்னும் கீதாம்மா?" என்றார். இன்னொரு அத்தியாயம் படித்தேன்.

திரும்பும்போது ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கினோம். சர்க்கரைக்காரர் என்பதால் நைனாவுக்குப் பாதி. அடுத்த நாள் புதுக் கண்ணாடி வந்தது. போட்டுப் பார்த்து, பேப்பரின் பின்பக்கத்து வரி விளம்பரத்தைக்கூட கடகடவென்று படித்தார்.

ஞாயிறு மாலை எனக்குச் சென்னை ரயில். அகல் விளக்கில் இன்னும் எழுபது எண்பது பக்கம் பாக்கி. "இனிமே நீங்களே படிச்சிக்கலாம் நைனா" என்றேன். தலையாட்டினார். காட்பாடியில் உட்கார இடம் கிடைத்து, தண்ணீர் பாட்டிலுக்காகப் பையைத் திறந்தால், துண்டுக்கு அடியில் அந்தப் புத்தகம் இருந்தது. நிறுத்திய பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு காலண்டர் தாள், அடுத்த சனிக்கிழமைத் தேதியோடு.